‘ஆர்வம்’ என்ற சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெய்ப்புத் திருத்துவது என் வேலை. ஒரு தாளில் ‘ஆர்வம்’ என்ற சொல்லைச் சுழித்துவிட்டு ஓரத்தில் வேறு சொல் எழுதி அனுப்பினால், எழுதியவர் கட்டாயம் கூப்பிட்டுக் காரணம் கேட்பார். ஒரு பதில் சொன்னால் அதிலிருந்து இன்னொரு கேள்வி வரும். பல வருடங்களாக இப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைத்தான் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் உள்ள சில பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்கின்றன.

ஆர்வம்னா என்னங்க? சுருக்கமா ஒரே வரியில சொல்லுங்க.

ஒன்றின் மேல் மனம் தானாகப் போய் ஒட்டிக்கொள்வதும், அதனோடு இருக்க வேண்டும், அதைச் செய்ய வேண்டும், அறிய வேண்டும் என்று உள்ளுக்குள் பொங்குவதும் ஆர்வம். ‘தானாக’ என்பதுதான் இதில் முக்கியம். யாரோ சொல்லி, பயந்து, கூலிக்காகச் செய்கிற வேலையில் கவனம் இருக்கலாம், உழைப்பு இருக்கலாம். ஆர்வம் இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

இது தமிழ்ச் சொல்லா, வடமொழியா? கர்வம், சர்வம் மாதிரியே இருக்கே?

தமிழ்ச் சொல்தான். ‘ர்வ’ என்ற சேர்க்கையைப் பார்த்துத்தான் பலருக்கு இந்தச் சந்தேகம் வருகிறது. ஆனால் கர்வத்துக்கும் ஆர்வத்துக்கும் நடுவில் ஒரு வேறுபாடு கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. ‘க’ குறில், ‘ஆ’ நெடில். தனிக்குறிலை அடுத்து ர், ழ் இரண்டும் ஒற்றாக வந்து நிற்காது என்பது தமிழின் பழைய விதி. ‘ரகார ழகாரம் குற்றொற் றாகா’ என்று தொல்காப்பியம் சொல்கிறது. கர்வம், சர்வம், தர்மம், வர்ணம் எல்லாம் இந்த விதியை மீறுவதால் வெளியிலிருந்து வந்தவை என்று தாமே காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் பழைய உரைநடையில் அவற்றைக் கருவம், சருவம், தருமம், வருணம் என்று ஒரு உகரம் சேர்த்து எழுதினார்கள். ஆர்வத்தை யாரும் ‘ஆருவம்’ என்று எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை.

இந்தச் சோதனை மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூர்வம், மார்க்கம் போன்றவை நெடிலில் தொடங்கினாலும் வடமொழிதான். ஆர்வம் தமிழ் என்பதற்கு உறுதியான சான்று அதன் வேர். ‘ஆர்’ என்ற வினை தமிழில் உண்டு. சோர் – சோர்வு, தேர் – தேர்வு, தீர் – தீர்வு என்பது போல ஆர் – ஆர்வு. அதன்மேல் ‘அம்’ சேர்ந்தால் ஆர்வம். குடும்பமே இங்கே இருக்கும்போது பிள்ளையை வேறு ஊர்க்காரன் என்று சொல்ல முடியாது.

ஆர் என்று ஒரு வினையா? நான் கேள்விப்பட்டதே இல்லையே.

கேள்விப்பட்டிருக்கிறீர்கள். தினமும் சொல்கிறீர்கள், பிரித்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். வயிறாரச் சாப்பிட்டான், கண்ணாரக் கண்டேன், வாயாரப் புகழ்ந்தாள், மனமார வாழ்த்தினார். இவற்றில் எல்லாம் வரும் ‘ஆர’ அந்த வினைதான். ஆர்தல் என்றால் நிறைதல். உண்ணுதல், பருகுதல், பொருந்துதல் என்ற பொருள்களும் அதற்கு உண்டு. வயிறு நிறைய, கண் நிறைய, வாய் நிறைய, மனம் நிறைய என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள், அப்படியே பொருந்தும்.

இன்னும் தெரிந்த இடம் ஒன்று: ‘நீராருங் கடலுடுத்த’. 1891இல் வெளிவந்த மனோன்மணீயத்தில் வருகிற வரி. பள்ளியில் நின்று பாடாதவர் இல்லை. அதை ஒரே மூச்சில் பாடிவிடுவதால் சொல் எங்கே பிரிகிறது என்று கவனிப்பதில்லை. நீர் + ஆரும் + கடல். நீர் நிறைந்த கடல். அறிவார்ந்த பேச்சு, உணர்வார்ந்த வரவேற்பு என்று செய்திகளில் வருகிறதே, அந்த ‘ஆர்ந்த’வும் இதே. அறிவு நிறைந்த, உணர்வு நிறைந்த.

‘மனமாற வாழ்த்துகிறேன்’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது சரியா?

தவறு. இந்த ஒரு எழுத்தைத்தான் என் வாழ்நாளில் அதிகம் திருத்தியிருப்பேன். மனமார என்றால் மனம் நிறைய. மனமாற என்றால் மனம் மாறும்படி, அல்லது மனம் ஆறும்படி. மணமக்களைப் பார்த்து ‘மனமாற வாழ்த்துகிறேன்’ என்று அச்சடித்தால், வாழ்த்துகிறவர் ஏதோ மனக்காயத்தை ஆற்றிக்கொள்கிறார் என்றுதான் அதற்குப் பொருள்.

பெரிய ‘ற’ வர வேண்டிய இடமும் உண்டு. பசியாறச் சாப்பிட்டோம். இங்கே பசி அடங்குகிறது, ஆறுகிறது. வயிறாரச் சாப்பிட்டோம் என்னும்போது வயிறு நிறைகிறது. ஒரே சாப்பாடுதான், பசி ஆறும், வயிறு ஆரும். இதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால் அப்புறம் தடுமாற்றமே வராது.

நிறைஞ்சிடுச்சுன்னா திருப்தி வந்துடுமே. அதுல இருந்து ஆசைங்கிற அர்த்தம் எப்படிங்க வரும்?

என்னிடம் கேட்கப்பட்டதிலேயே நல்ல கேள்வி இதுதான். முதல்முறை கேட்டபோது உடனே பதில் சொல்ல முடியவில்லை. இல்லாதவனுக்குத்தானே ஆசை வரும், நிறைந்தவனுக்கு எதற்கு?

நான் புரிந்துகொண்டிருக்கும் விதம் இது. விரும்புவதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, உள்ளே குழி இருப்பதால் அதை நிரப்ப எதையாவது தேடுவது. தாகம் அப்படிப்பட்டது. குடித்ததும் அடங்கிவிடும். இன்னொன்று, உள்ளே நிரம்பி விளிம்பில் வழிவது. ஒரு சிறுவனுக்குப் பறவைகள் மேல் ஆர்வம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இறகைப் பொறுக்கி நோட்டுக்குள் வைப்பான், கூட்டைப் பார்க்க அண்ணாந்தபடியே நடப்பான், கேட்காதவர்களிடமும் போய் ‘இது ஆண், இது பெண்’ என்று சொல்லிக்கொண்டிருப்பான். அவனுக்கு ஏதோ குறைகிறது என்றா தோன்றுகிறது? எனக்கு அவன் நிறைந்து வழிகிறான் என்றுதான் தோன்றுகிறது. பார்க்கப் பார்க்க அடங்காமல் இன்னும் வளர்வதும் அதனால்தான்.

எனவே வேரையும் பொருளையும் முரண்பாடாக நான் பார்ப்பதில்லை. மனம் ஒன்றால் நிறைந்திருக்கும் நிலைக்குத்தான் தமிழ் ஆர்வம் என்று பெயர் வைத்திருக்கிறது. மற்ற விருப்பச் சொற்களிலிருந்து இதைப் பிரிப்பது இந்த நிறைவுதான். கீழே வரும் பதில்களில் இதையே பலமுறை பிடித்துக்கொள்வேன்.

திருக்குறள்ல இந்த வார்த்தை இருக்கா?

இருக்கிறது. இருக்கும் இடம்தான் கவனிக்க வேண்டியது. முயற்சி பற்றிய அதிகாரங்களில் இல்லை. எட்டாவது அதிகாரமான அன்புடைமையில் இருக்கிறது. ‘அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்’ என்பது 71ஆம் குறள். இங்கே ஆர்வலர் என்றால் அன்புடையவர். தாம் அன்பு வைத்தவரின் துன்பத்தைக் கண்டதும் கசியும் கண்ணீர், உள்ளே இருக்கிற அன்பை ஊரறியச் சொல்லிவிடும். தாழ் போட்டு அடைக்க முடியாது. நிறைந்தது வழிகிறது என்று முந்தைய பதிலில் சொன்னேனே, இந்தக் குறளில் அது அப்படியே கண்ணில் வழிகிறது.

இரண்டாவது 74ஆம் குறள். ‘அன்பு ஈனும் ஆர்வம் உடைமை, அது ஈனும் நண்பு என்னும் நாடாச் சிறப்பு.’ அன்பு ஆர்வத்தைப் பெற்றெடுக்கிறது, ஆர்வம் நட்பைப் பெற்றெடுக்கிறது. பரிமேலழகர் இதற்குத் தரும் விளக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். தொடர்புடையவர்களிடம் வைத்த அன்பு, பிறரிடமும் விருப்பம் கொள்ளும் தன்மையைத் தரும் என்கிறார். அதாவது வீட்டுக்குள் இருந்த அன்பு வாசல் தாண்டி வெளியே போகும்போது அதற்குப் பெயர் ஆர்வம்.

அப்போ அன்பும் ஆர்வமும் ஒண்ணுதானா?

ஒன்று இல்லை. இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டிய ஒரு பாடல் உண்டு. பூதத்தாழ்வார் இரண்டாம் திருவந்தாதியைத் தொடங்கும்போதே ‘அன்பே தகளியா ஆர்வமே நெய்யாக, இன்புருகு சிந்தை இடுதிரியா’ என்று விளக்கேற்றுகிறார். தகளி என்றால் அகல். அன்பு அகல், ஆர்வம் நெய், உருகும் மனம் திரி.

ஓர் அகல்விளக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அகல் அசையாமல் இருக்கும். திரி தலையில் எரியும். ஆனால் எரிவது உண்மையில் நெய். திரியின் நூல் வழியே சத்தமில்லாமல் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். நெய் வற்றினால் திரி கருகி, புகைந்து, மணத்தைக் கெடுத்துவிட்டு அணையும். அன்பு தாங்குகிற இடம், ஆர்வம் செலவாகிக்கொண்டே சுடரைக் காப்பாற்றுகிற பொருள். அன்பு இருந்தும் ஆர்வம் வற்றிப்போன உறவும், தொழிலும் எப்படிப் புகையும் என்பது தெரியாதவர் யார்? இந்தச் சொல்லுக்கு இதைவிடத் துல்லியமான விளக்கத்தை நான் எந்த அகராதியிலும் பார்த்ததில்லை.

ஆர்ப்பாட்டம், ஆரவாரம், ஆர்ப்பரிப்பு எல்லாம் ஆர்வத்தோட சொந்தமா?

பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் இங்கே வினை வேறு. ஆர்ந்தான் என்றால் நிறைந்தான், உண்டான். ஆர்த்தான் என்றால் முழங்கினான். ‘ந்த்’ ஒன்று, ‘த்த்’ இன்னொன்று. ஆர்ப்பும் ஆர்ப்பாட்டமும் ஆர்ப்பரிப்பும் இரண்டாவதன் பிள்ளைகள், முழக்கத்தோடு தொடர்புடையவை. கட்டுதல் என்ற பொருளிலும் ஆர்த்தல் உண்டு. போதாததற்கு ஆர் என்று ஆத்தி மரத்துக்கும் பெயர். சோழரின் பூ அது.

ஆகவே சத்தம் போட்டுக் காட்டுவது ஆர்வத்தின் இலக்கணம் அல்ல. வேர் அப்படிச் சொல்லவே இல்லை. மூலையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் படித்துக்கொண்டிருப்பவருக்கும் ஆர்வம் கரை புரளலாம்.

சமூக ஆர்வலர், பறவை ஆர்வலர் என்கிறோம். குறளில் வரும் ஆர்வலரும் இவரும் ஒருவரா?

சொல் ஒன்றுதான், பொருள் நகர்ந்திருக்கிறது. குறளின் ஆர்வலர் ஒருவர்மேல் அன்பு கொண்டவர். இன்றைய ஆர்வலர் ஒரு துறையின் மேலோ ஒரு பொதுக் காரியத்தின் மேலோ பற்றுக் கொண்டவர். பரிமேலழகர் சொன்ன ‘பிறர்மேல் விருப்பம்’ என்பதை நினைத்துக்கொண்டால் இந்த நகர்வு எனக்கு இயல்பாகவே தெரிகிறது.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பிழைப்புக்காக ஒரு துறையில் இருப்பவரை ஆர்வலர் என்று எழுதாதீர்கள். பறவைகளை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவர் பறவையியலாளர். விடுமுறை நாளில் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகிறவர் பறவை ஆர்வலர். இருவரும் ஒருவராகவும் இருக்கலாம், அது அவரது பாக்கியம்.

தன்னார்வலர்ல ஏன் ரெண்டு ‘ன’?

தன் + ஆர்வலர். தனிக்குறிலை அடுத்து வரும் ஒற்று, பின்னால் உயிர் வந்தால் இரட்டிக்கும். கண் + ஆடி கண்ணாடி ஆவதும், பொன் + ஆடை பொன்னாடை ஆவதும் இந்த விதியால்தான். ‘தனார்வலர்’ என்று எழுதக் கூடாது.

ஊக்கமும் ஆர்வமும் ஒரே அர்த்தம்தானே சார்? ஸ்கூல்ல அப்படித்தான் எழுதிப் போட்டாங்க.

பக்கத்து வீடுகள்தான், ஒரே வீடு இல்லை. ஊக்கு என்றால் தள்ளு, உந்து. கலித்தொகையில் ஒரு காட்சி (37ஆம் பாட்டு). ஊஞ்சலில் இருக்கும் ஒருத்தி, அங்கே வந்து நிற்பவனைப் பார்த்து, ‘ஐய, சிறிது என்னை ஊக்கி’ என்கிறாள். கொஞ்சம் தள்ளிவிடு என்கிறாள். அவன் ‘நன்று’ என்று சொல்லி ஊக்குகிறான். அவள் கை நழுவியது போல நடித்து அவன் மார்பில் விழுகிறாள். பாட்டு போகிற திசை வேறு; நமக்கு வேண்டியது அந்த ஊக்குதல். நின்ற ஊஞ்சலுக்குப் பின்னாலிருந்து ஒரு கை கொடுக்கும் தள்ளல். ஊக்கம் அந்தத் தள்ளல்தான். வெளியிலிருந்து இன்னொருவர் தரலாம், மனமே தனக்குத்தானே தந்துகொள்ளலாம். ஊக்கத்தொகை, ஊக்கமருந்து என்று இன்று சொல்வதெல்லாம் இந்தப் பொருளில்தான் நிற்கின்றன. ஆர்வத்தொகை என்று யாராவது கொடுக்கிறார்களா? ஆர்வத்துக்கு மருந்தும் கிடையாது.

ஊக்கத்துக்கு இன்னொரு குணம், அது பொறுக்கத் தெரிந்தது. ஊக்கமுடைமை என்று தனி அதிகாரமே வைத்த வள்ளுவர், காலமறிதலில், ஊக்கமுடையவன் ஒடுங்கி இருப்பது போரிடும் ஆட்டுக்கடா தாக்குவதற்காகப் பின்வாங்குவது போன்றது என்கிறார் (486). கடா நான்கு அடி பின்னால் போகிறது, கால்களை ஊன்றுகிறது, தலையைத் தாழ்த்துகிறது. அந்த நிமிடத்தில் அதன் உடம்பில் அசைவில்லை, ஊக்கம் முழுதாக இருக்கிறது. ஆர்வத்தால் இப்படி ஒடுங்கி நிற்க முடியாது. அடைக்கும் தாழ் அதற்கு இல்லையே! ‘ஊக்கமது கைவிடேல்’ என்று ஔவை சொன்னதும் இதனால் பொருந்துகிறது. ஊக்கத்தைக் கையில் வைத்திருக்கலாம், விடவும் செய்யலாம்.

சேலையில் குத்தும் ஊக்குக்கும் இந்த ஊக்கத்துக்கும் தொடர்பு உண்டா?

இல்லை. அது ‘ஹூக்’ என்ற ஆங்கிலச் சொல் நம் வாயில் மாறியது. எழுத்து ஒத்துப்போனது தற்செயல்.

உற்சாகம் தமிழ்தானே? ‘ற்’ எல்லாம் வருதே.

‘ற்’ வருவதால் தமிழாகிவிடாது. வடமொழி உத்ஸாஹம்தான் உற்சாகம். உத்ஸவம் உற்சவம் ஆனதும், மாத்ஸர்யம் மாற்சரியம் ஆனதும் இதே வழியில். வல்லின ‘த்’ பக்கத்தில் ‘ஸ’ வந்தால் தமிழ் அதை ‘ற்ச’ என்று வாங்கிக்கொள்கிறது.

அந்தச் சொல்லின் வேர் ‘ஸஹ்’. பொறுத்தல், தாங்குதல், மேற்கொள்ளுதல் என்று அதற்குப் பொருள். சகிப்பு, சகித்தல் எல்லாம் அந்த வேரிலிருந்து வந்தவை. நாட்டிய சாஸ்திரம் வீரச் சுவைக்கு அடிப்படையான உணர்வாக உத்ஸாஹத்தைச் சொல்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் அந்த இடத்தில் இருப்பது பெருமிதம். அது கல்வி, தறுகண் (அஞ்சாமை), இசைமை (புகழ்), கொடை என்ற நான்கில் பிறக்கும் என்கிறது. இன்று நாம் உற்சாகம் என்னும்போது வீரத்தை நினைப்பதில்லை. முகத்தில் தெரியும் மலர்ச்சி, உடம்பில் தெரியும் துள்ளல், இவைதான் உற்சாகம். அதனால் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்: உற்சாகம் வெளியே தெரியும், ஆர்வம் உள்ளே இருக்கும். காலையில் உற்சாகமாக இருந்தவர் மாலையில் களைத்துப் போகலாம். ஆர்வம் களைப்போடும் விழித்திருக்கும்.

ஆவல், வேட்கை, ஆசை, ஆர்வம். எதை எங்கே போடுவது? கதை எழுதும்போது குழம்புகிறது.

ஆவல் எதிர்பார்ப்புச் சொல். அடுத்து என்ன நடக்கும், கடிதத்தில் என்ன இருக்கும், யார் வந்திருக்கிறார்கள் என்று அறியத் துடிப்பது ஆவல். தெரிந்ததும் முடிந்துவிடும். ‘கடிதத்தை ஆவலுடன் பிரித்தாள்’ என்பது சரி. ‘இருபது வருடமாகக் கல்வெட்டுகளில் ஆவல் கொண்டவர்’ என்றால் இடறுகிறது. அங்கே ஆர்வம்தான் வர வேண்டும்.

வேட்கை, ‘வேள்’ என்ற வினையிலிருந்து வருவது. விரும்புதல் என்று பொருள். தாகத்துக்கு நீர்வேட்கை என்று பெயர் இருப்பதைப் பாருங்கள். முன்பு சொன்ன இரண்டு வகையில் இது முதல் வகை, குறையிலிருந்து எழுவது. இதே குடும்பத்தில் இன்னொருவர் இருக்கிறார், வேட்பாளர். பதவியை விரும்பி முன்வருபவர். ஆசை வடமொழியிலிருந்து வந்து வீட்டுச் சொல்லாகிவிட்டது. மிட்டாய் முதல் மோட்சம் வரை எதற்கும் அதைப் போடலாம், அதனால்தான் கதையில் அதற்குக் கூர்மை குறைவு.

‘இந்தப் புத்தகம் மிகவும் ஆர்வமாக இருந்தது’ன்னு எழுதினேன். ஏன் சுழிச்சீங்க?

புத்தகத்துக்கு ஆர்வம் வராது என்பதால். ஆர்வம் படிப்பவரின் மனதில் இருப்பது. புத்தகம் சுவாரசியமாக இருந்தது, சுவையாக இருந்தது, விறுவிறுப்பாக இருந்தது, ஆர்வத்தைத் தூண்டியது, கீழே வைக்கவே மனம் வரவில்லை. இத்தனை வழி இருக்கிறது. ‘நான் ஆர்வமாகப் படித்தேன்’ என்றாலும் சரி.

மொழிபெயர்ப்பிலிருந்து புகுந்த பிழை இது. ‘ஆர்வமான செய்தி’, ‘ஆர்வமான இடம்’ என்று இப்போது வரிக்கு வரி பார்க்கிறேன். ஆர்வமான மாணவி இருக்கலாம், ஆர்வமான வாசகர் இருக்கலாம். யாருக்கு மனம் இருக்கிறதோ அவர்கள் பக்கத்தில் மட்டும் வையுங்கள்.

இசையில் ஆர்வமா, இசை மேல் ஆர்வமா, இசைக்கு ஆர்வமா?

முதல் இரண்டும் சரி. துறை, கலை, தொழில் என்றால் ‘இல்’ நன்றாக அமரும்: ஓவியத்தில் ஆர்வம். ஆள், பொருள், உயிர் என்றால் ‘மேல்’, ‘மீது’: பூனைகள் மேல் ஆர்வம். செயல் என்றால் வினையெச்சத்தோடும் வரும்: கற்க ஆர்வமாக இருக்கிறான், கற்பதில் ஆர்வம் காட்டுகிறான். ‘இசைக்கு ஆர்வம்’ என்றால் இசைக்கே ஆர்வம் வந்துவிட்டதாகப் பொருள். அக்கறைக்கும் இதே வழிதான், ஆனால் அக்கறையில் பொறுப்பு கலந்திருக்கும். அம்மா அப்பாவின் உடல்நலத்தில் அக்கறை காட்டுங்கள். ஆர்வம் காட்டினால் வேறு மாதிரி ஒலிக்கும்.

‘ஆர்வக்கோளாறு’ன்னு என்னைச் சொல்லிட்டாங்க. அது திட்டா?

பாதித் திட்டு, மீதிச் செல்லம். அனுபவம் இல்லாமல், கேட்காமல், முந்திக்கொண்டு போய் வேலையைக் கெடுத்துவிடுபவரை அப்படிச் சொல்வது வழக்கம். ஆனால் சொல்லைக் கவனியுங்கள். உங்கள் எண்ணத்தில் தவறு என்று அது சொல்லவில்லை. ஆர்வம் இருக்கிறது, அதைக் கொண்டுபோன விதத்தில்தான் கோளாறு. கெடுதல் நினைத்தவரை யாரும் ஆர்வக்கோளாறு என்று சொல்ல மாட்டார்கள். இளையவர்களை எல்லோர் முன்னாலும் இப்படிச் சொல்வது மட்டும் எனக்குப் பிடிக்காது. நெய் கொஞ்சம் வழிந்துவிட்டது என்பதற்காக விளக்கையே ஊதி அணைக்கலாமா?

ஆங்கிலத்தில் ‘என்தூசியாசம்’ என்கிறார்களே, அதற்கு நேர் ஆர்வம்தானா?

இன்றைய பயன்பாட்டுக்கு ஆர்வம், உற்சாகம் இரண்டில் இடத்துக்குப் பொருந்துவதைப் போடலாம். ஆனால் கதை வேறு. அது கிரேக்கத்திலிருந்து வந்த சொல். தெய்வம் உள்ளே புகுந்து ஆட்கொண்ட நிலை என்பது அதன் பொருள். ஆங்கிலத்திலும் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சாமி வந்ததுபோல் நடந்துகொள்ளும் மதத் தீவிரத்தைக் கண்டிக்கத்தான் அதைப் பெரிதும் பயன்படுத்தினார்கள். நல்ல பொருள் மேலோங்கியது பிறகுதான்.

அந்த வரலாற்றுக்குத் தமிழில் நெருக்கமான சொல் ‘வெறி’. பழந்தமிழில் வெறி என்றால் மணம். முருகன் மேலே ஏறி, அவன் பூசாரியான வேலன் ஆடும் ஆட்டமும் வெறி, வெறியாட்டு. காதலில் மெலிந்த மகளுக்கு முருகனால் வந்த துன்பமோ என்று தாய் வேலனை அழைத்து ஆடவைக்கும் காட்சி சங்கப் பாடல்களில் பலமுறை வருகிறது. கிரேக்கச் சொல் கண்டிப்பிலிருந்து பாராட்டுக்கு ஏறியது. நம் வெறி தெய்வ ஆட்டத்திலிருந்து, மூர்க்கம் என்ற பொருளுக்கு இறங்கிவிட்டது. ‘கிரிக்கெட் வெறியர்’ என்று ஒருவர் தன்னையே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்போது மட்டும் பழைய ஆட்டம் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது.

தொல்காப்பியத்தில் விருப்பத்துக்கு என்னென்ன சொல் இருக்கிறது?

எல்லாவற்றையும் இங்கே அடுக்க முடியாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் கேட்டவர்கள் எல்லோரும் வியந்தது இதற்குத்தான். உரியியலில் ‘நம்பும் மேவும் நசையா கும்மே’ என்று ஒரு நூற்பா. நசை என்றால் விருப்பம். நம்பு என்ற சொல்லுக்கு விருப்பம் என்று பொருள் சொல்கிறது தொல்காப்பியம். இன்று நம்புவது என்றால் உண்மை என்று கொள்வது. அன்று விரும்புவது.

கடைசியா ஒண்ணு. ஆர்வத்தை ‘ஊட்டுவது’ என்று ஏன் சொல்கிறோம்? கொடுப்பது, தருவது என்று சொல்லலாமே?

ஆர்வம் கொடுத்தார் என்று யாரும் சொல்வதில்லை, கவனித்தீர்களா? ஆர்வமூட்டினார் என்கிறோம். ஊட்டுதல் என்றால் உண்ணச் செய்தல். உண் – ஊட்டு. ஆர்தலுக்கு உண்ணுதல் என்றும் பொருள் உண்டு என்று தொடக்கத்திலேயே சொன்னேன்; அருந்துதல், அருத்துதல் எல்லாம் அதன் உறவாகச் சொல்லப்படுபவை. இந்தத் தொடரை உருவாக்கியவர்கள் வேரை நினைத்துத்தான் செய்தார்கள் என்று நான் வாதாட மாட்டேன். அறிவூட்டு, உணர்வூட்டு, உயிரூட்டு என்றும் சொல்கிறோமே. ஆனாலும் இந்தச் சொல்லோடு சேரும்போது அது மிக அழகாகப் பொருந்திவிடுகிறது.

சோற்றைப் பிசைந்து, உருட்டி, குழந்தையின் வாய்க்கு நேரே கொண்டுபோய்ப் பிடிக்கலாம். வாயைத் திறப்பதும் மெல்லுவதும் விழுங்குவதும் குழந்தை செய்ய வேண்டியது.